1.1 யாருக்கு நார்மல்?

லேப் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோரும் தேடுவது தடித்த எழுத்தைத்தான். ஏதாவது ஒரு எண் கறுப்பாகத் துருத்திக்கொண்டு நின்றால் முகம் வாடிவிடும். ஒன்றுமில்லை என்றால் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “எல்லாம் நார்மல்” என்று இன்னொரு டீ சொல்வார்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் இப்படித் தாளை மடிக்கக் கூடாது. பிரஷர் உள்ளுறுப்புகளை அரிக்க ஆரம்பித்துப் பல வருஷம் ஆன பிறகுதான் தடித்த எழுத்து வரும். முதலில் மாறும் எண்களில் ஒன்று பல நேரம் அந்தத் தாளிலேயே இருக்காது.

கிரியேட்டினினையே எடுத்துக்கொள்ளுங்கள். கோவளத்தில் ஃபைபர் படகில் கடலுக்குப் போகும் 28 வயது இளைஞர் ஒருவர், திருக்கழுக்குன்றத்தில் 68 வயதுப் பாட்டி ஒருவர். இருவருக்கும் கிரியேட்டினின் 1.1 என்று வைத்துக்கொள்வோம். பல லேப்கள் 1.2 வரை நார்மல் என்று போடுகின்றன, எனவே இரண்டு தாளிலும் தடித்த எழுத்து இல்லை. ஆனால் வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் 2021-ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். இளைஞரின் சிறுநீரக வடிகட்டும் வேகம், அதாவது இ.ஜி.எஃப்.ஆர்., 94-ஐ ஒட்டி வரும். பாட்டிக்கு 55-தான். 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய்.

காரணம் எளிது. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. வலை இழுக்கும் உடம்பு நிறைய உற்பத்தி செய்யும், நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும். பாட்டியின் உடம்பில் உற்பத்தியே குறைவு, அப்படியிருந்தும் 1.1 தேங்கி நிற்கிறதென்றால் வெளியேற்றம் குறைந்திருக்கிறது என்று பொருள். சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறக்குறைய பாதி போகும்வரை கிரியேட்டினின் நார்மல் எல்லைக்குள்ளேயே நிற்கக்கூடும். அதனால் ரிப்போர்ட் வாங்கும்போது இ.ஜி.எஃப்.ஆர். போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அதற்குத் தனியாக ரத்தம் எடுக்க வேண்டியதில்லை, கணக்குதான். முந்தின இரவு கறியும் மீனுமாக வெளுத்துக் கட்டிவிட்டுக் காலையில் லேபுக்குப் போனால் எண் சற்று ஏறிக் காட்டலாம், அதையும் நினைவில் வையுங்கள். மெலிந்த உடம்புக்காரர்களுக்குச் சந்தேகம் வந்தால் டாக்டர் சிஸ்டாட்டின் சி எழுதுவார். அது தசையை அவ்வளவாக நம்பியிராத புரதம். தைராய்டு கோளாறோ ஸ்டீராய்டு மாத்திரையோ இருந்தால் அதுவும் குழப்பும்.

இப்போது தாளில் இல்லாத எண்ணுக்கு வருவோம். ரத்தப் பரிசோதனையைப் பற்றிச் சொல்லவந்தவன் சிறுநீருக்குத் தாவுகிறேனே என்று பார்க்காதீர்கள், இந்த ஒன்றை விட்டால் மற்றதெல்லாம் அரைகுறை. சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் சுவரை வலை என்று வைத்துக்கொண்டால், அல்புமின் என்ற ரத்தப் புரதம் அதில் நிற்க வேண்டிய பெரிய மீன். வருஷக்கணக்கில் அழுத்தம் இழுத்துக்கொண்டே இருந்தால் கண்ணி நெகிழும், பெரிய மீனும் நழுவும். கிரியேட்டினின் அசையாமல் இருக்கும்போதே இந்தக் கசிவு தொடங்கிவிடலாம். காலை முதல் சிறுநீரில் அல்புமினையும் கிரியேட்டினினையும் சேர்த்து விகிதமாகப் பார்ப்பார்கள். 30-க்குக் கீழே சரி. 30 முதல் 300 வரை எச்சரிக்கை. அதற்கு மேலே போனால் தாமதிக்கவே கூடாது. காய்ச்சல், நீர்க்கடுப்பு, முந்தின நாள் கடும் உழைப்பு இவையும் ஏற்றிக் காட்டும், ஆகவே ஒருமுறை அதிகமாக வந்தால் மறுபடி பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள்.

இதைச் செய்யப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமா? சென்னையின் மூத்த சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலமாக நகரை ஒட்டிய கிராமங்களில் ஏறக்குறைய 25,000 பேரிடம் செய்து காட்டியது இன்றும் உலகம் முழுக்கச் சிறுநீரக மருத்துவர்கள் பேசும் வேலை. ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார். சிறுநீரில் சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தை விட்டுப் புரதம், பெனடிக்ட் கரைசலில் சூடாக்கிச் சர்க்கரை, அதோடு பி.பி. பள்ளிக்கூட ஆய்வகச் சாமான்தான் அத்தனையும். கோளாறு தெரிந்தவர்களுக்குக் கொடுத்ததும் இருப்பதிலேயே மலிவான பழைய மாத்திரைகள். பிரஷர் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அது 140/90-க்குக் கீழே வந்தது. ஆளுக்கு ஆண்டுச் செலவு அரை டாலர்கூட ஆகவில்லை.

இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. 2020-இல் தமிழகம் முழுக்க எடுத்த கணக்கில், பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்குப் பிரஷர். அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வந்ததும், பிறகு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரில் அல்புமின் பார்க்கத் தொடங்கியதும் இந்த ஓட்டையை அடைக்கத்தான்.

“அப்போ தம்பி, ஹார்ட்டு, கிட்னி, மூளை எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு பேக்கேஜ்னு போடுறாங்களே, அதை எடுத்துடட்டுமா?”

வேணாம்ணே, அவசரப்படாதீங்க. இதயத்துக்கு இரண்டு எண் உண்டு. பிரஷரை எதிர்த்து எதிர்த்து இரைத்து இதயச் சுவர் இழுபடும்போது என்.டி. புரோ பி.என்.பி. என்ற பொருள் ரத்தத்தில் கூடும். தசை நார் சேதமானால் ட்ரோபோனின் கசியும். நெஞ்சுவலியோடு வருபவருக்குப் பார்ப்பது அதைத்தான். நுட்பமான கருவியில், வலியே இல்லாத பிரஷர்காரர்களுக்கும் அது லேசாக உயர்ந்து நிற்பது தெரியும், அவர்களுக்குப் பின்னாளில் இதயக் கோளாறு வரும் வாய்ப்பும் கூடுதல். ஆனால் இரண்டுமே வயதானால் ஏறும், சிறுநீரகம் பழுதானால் ஏறும். முதலாவது, பருமனானவர்களுக்கு உண்மையைவிடக் குறைத்தும் காட்டும். மூச்சிரைப்போ கால்வீக்கமோ இல்லாதவர் தானாகப் போய் எடுத்தால் தூக்கம் கெடுவதுதான் மிச்சம். ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதலும் கிரியேட்டினின், இ.ஜி.எஃப்.ஆர்., அல்புமின் விகிதம் மூன்றையும் பிரஷர் உள்ள எல்லோருக்கும் பார்க்கச் சொல்கிறது. இதய எண்களை, தேவைப்பட்டால் யோசிக்கலாம் என்ற இடத்தில்தான் வைத்திருக்கிறது. பிரஷர் மூளையைப் பாதித்திருக்கிறதா என்று காட்டும் ரத்த எண்கள் இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கின்றன.

இன்னொன்று. எனலாப்ரில், டெல்மிசார்டன் மாதிரி பிரஷர் மாத்திரை தொடங்கிய இரண்டு வாரத்தில் சிலருக்குக் கிரியேட்டினின் 0.9-லிருந்து 1.1 ஆகலாம். “மாத்திரை கிட்னியைக் கெடுக்குது” என்று நிறுத்திவிடுகிறார்கள். சிறுநீரகத்துக்குள் இருந்த அழுத்தத்தை மாத்திரை இறக்குவதால் வரும் ஏற்றம் அது. 30 சதவீதம் வரை டாக்டர்கள் எதிர்பார்ப்பதுதான். அதற்கு மேல் போனாலோ பொட்டாசியம் ஏறினாலோதான் மாற்றுவார்கள். ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்தவர் இந்த மாத்திரையும் போட்டுக்கொண்டு ஈ.சி.ஆர். சாலையோரத்தில் இளநீராகக் குடித்துத் தள்ளுவது பொட்டாசியத்தை ஏற்றும் வழி.

சிறுநீரகத்தைக் கெடுப்பது பெரும்பாலும் வேறு மாத்திரை. மாமல்லபுரம் சிற்பக் கூடங்களில் போய் நில்லுங்கள். உளி பிடித்த கையில் இப்போது கிரைண்டர். நாள் முழுக்க அந்த அதிர்வைத் தாங்கும் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரைதான் துணை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டுமே பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். கல்தூசியில் வியர்த்துத் தண்ணீர் வற்றிய உடம்பில், டெல்மிசார்டனும் நீர் மாத்திரையும் இருக்கும்போது இதுவும் சேர்ந்தால் சில நாளிலேயே கிரியேட்டினின் தாவும். லேபில் ரத்தம் கொடுக்கும்போது வலி மாத்திரை போட்டதைச் சொல்லுவோர் அபூர்வம். யாரும் கேட்பதும் இல்லை.

கடைசியாக, எந்த ரத்தப் பரிசோதனையும் காட்டாத ஓர் இடம் கண்ணின் உட்திரை. பிரஷர் ரத்தக்குழாயை என்ன செய்திருக்கிறது என்பதை நேராகப் பார்க்க முடிவது அங்கேதான். செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி கண் பிரிவில் பார்ப்பார்கள். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்தால் சில மணி நேரம் எல்லாம் மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். பைக்கை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போய் வாருங்கள்.