முகங்களின் வரலாறு – 9: தங்கம் பூசாத பிரபு

சென்ற வாரம் தஞ்சாவூர் ஓவியங்களில் தங்க ரேக்கு ஒட்டும் விதத்தைப் பார்த்தோம். எங்கள் ஊரான பேத்தமங்களாவில் தங்கப் பேச்சு அவ்வளவு சீக்கிரம் முடியாது. தங்கவயல் சுரங்கங்களின் தாகத்தைத் தீர்த்தது எங்கள் பாலாற்று ஏரி. அந்தச் சுரங்கங்களில் தமிழர்களோடு இத்தாலியர்களும் வேலை பார்த்தார்கள்.

அந்த இத்தாலியர்களின் நாட்டில் ஒரு காலத்தில், படத்துக்கு எவ்வளவு தங்கம், எவ்வளவு உயர்ந்த நீலம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவார்கள். 1435இல் ஆல்பெர்த்தி என்ற அறிஞர் இதை மறுத்தார். தங்கத்தின் மினுக்கை வெறும் வண்ணத்தால் கொண்டுவரும் ஓவியருக்கே பாராட்டு அதிகம் என்றார்.

அந்த எண்ணம் எவ்வளவு தூரம் வந்தது என்பதற்கு, பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் பல்தசாரே காஸ்திலியோனேயின் படம் சாட்சி. இவர் மாந்துவா பக்கத்துப் பிரபு. 1514-15 வாக்கில் நண்பரும் ஓவியருமான ரஃபேல் இவரை வரைந்தார். கறுப்புத் தொப்பி, சாம்பல் நிற ரோம உடுப்பு, கழுத்தருகே கொஞ்சம் வெள்ளைச் சட்டை, பின்னால் வெறும் சுவர். ஆடம்பரம் எதுவும் இல்லை. நீலக் கண்கள் மட்டும் நம்மை நேராகப் பார்க்கின்றன. எத்தனை முறை அச்சில் பார்த்தாலும், இவர் ஏதோ கேட்டுவிட்டு நம் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றும். உருவப்படக் கலையில் இதற்கு மேல் ஒன்று உண்டா என்று தெரியவில்லை.

காஸ்திலியோனே கவிஞரும்கூட. மனைவி இப்போலித்தா தமக்கு எழுதுவதுபோல் லத்தீனில் ஒரு கவிதை எழுதினார். கணவர் ஊரில் இல்லாதபோது அவள் இந்தப் படத்தோடு பேசுகிறாள், சிரிக்கிறாள். குழந்தை அப்பாவை அடையாளம் கண்டு மழலையில் வணக்கம் சொல்கிறது. சுரங்கத்துக்குப் போனவரின் படம் சுவரில் மாட்டியிருக்கும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

1639இல் ஆம்ஸ்டர்டாம் ஏலத்தில் இந்தப் படத்தைப் பார்த்த ஓவியர் ரெம்ப்ரான்ட் அங்கேயே கோட்டோவியமாக எடுத்து, விலை 3,500 கில்டர் என்றும் குறித்துக்கொண்டார்.

எல்லாப் பிரபுக்களுக்கும் இப்படிப் பெயரோடு நினைவில் நிற்கும் கொடுப்பினை இல்லை. லண்டன் நேஷனல் கேலரியில் தித்சியானோ வரைந்த, நீலப் பட்டுக் கை தெரியும் ஒருவரை நெடுங்காலம் கவிஞர் அரியோஸ்தோ என்றார்கள். இப்போது ஜெரோலமோ பார்பரிகோ என்ற வெனிஸ் பிரபுவாக இருக்கலாம் என்கிறார்கள். பட்டும் பதவியும் இருந்தவருக்கே பெயர் தொலைந்துபோனது. நம் தாத்தாக்களுக்கும் அது நேரக்கூடாது.

தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டன. தாத்தாக்களின் ஸ்டூடியோ படங்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன. அவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பாட்டிகளும் இருக்கிறார்கள். இந்த வாரமே அந்தப் படங்களைக் கீழே இறக்குங்கள். பெயர், ஊர், எந்தச் சுரங்க ஷாஃப்ட், எந்தத் தொழிலாளர் லைன் வீடு என்று கேட்டுப் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள்.

(தொடரும்)