ராத்திரிப் பூவுக்கு ஒரு இலை போதும்!

ஆரணியில ஒரு பட்டுத்தறி வீடு. வீட்டுக்குள்ள தறி, காலையில தெருவுல பாவு. செடிக்கு இடம் மாடிதான். ராத்திரி மணி பத்து. தறிச் சத்தம் ஓய்ஞ்சாச்சு. ஆனா அக்கம்பக்கத்து ஆளுங்க ஒரு தொட்டியைச் சுத்தி உட்கார்ந்திருக்காங்க. என்ன விசேஷம்? பிரம்ம கமலம் பூக்குது பாஸ்!

எட்டு, ஒன்பது மணிக்கு மெல்ல வாய் திறக்குற மொட்டு, நடுராத்திரியில உள்ளங்கையைவிடப் பெரிசா, வெள்ளை வெளேர்னு விரிஞ்சு மணக்கும். விடியறதுக்குள்ள தலை தொங்கிடும். காலேஜ் பஸ் அவசரத்துல எட்டிப் பார்த்தா, ஈரத்துணி மாதிரி கிடக்கும்.

12 வருஷத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும்னு யாராச்சும் கதை விட்டா நம்பாதீங்க. வளர்ந்த செடி வருஷா வருஷம் பூக்கும். இன்னொண்ணு, நிஜமான பிரம்ம கமலம் இமயமலையில இருக்கு. உத்தரகாண்ட் மாநில மலர் அதுதான். நம்ம மாடியில இருக்கிறது மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகள்ல மரத்து மேல தொத்தி வளர்ற கள்ளி இனம். அதனால 'தெய்வப்பூ'ன்னு யாராவது எக்கச்சக்க விலை சொன்னா, பர்ஸை மூடிக்கிட்டு பக்கத்து வீட்டு அத்தைகிட்ட போங்க. ஒரே ஒரு இலை கேளுங்க. (இலைன்னு சொல்றோமே தவிர, அது தட்டையான தண்டு. வேரும் மொட்டும் அதுலயே வர்ற ரகசியம் அதுதான்!)

நல்லா முத்தின இலையில அரை அடி வெட்டிக்குங்க. உடனே நட்டுடாதீங்க! பாதிப் பேர் கோட்டை விடுறது இங்கதான். பச்சை வெட்டோட மண்ணுல வெச்சா அழுகிடும். நாலஞ்சு நாள் நிழல்ல போட்டு, வெட்டின இடம் காய்ஞ்சதும் நடுங்க. செடியில எந்தப் பக்கம் கீழே இருந்துச்சோ, அந்தப் பக்கம்தான் மண்ணுக்குள்ள போகணும். வெட்டும்போதே பேனாவால ஒரு அம்புக்குறி போட்டுக்குங்க. தலைகீழா நட்டுட்டு 'வேரே வரலை'ன்னு புலம்பாதீங்க.

செம்மண், மணல், தென்னை நார்க்கழிவு சம அளவு. அடியில ஓட்டை போட்ட பழைய பெயிண்ட் டப்பா போதும். மேல்மண் காய்ஞ்சா மட்டும் தண்ணி. கள்ளிதானேன்னு ஆரணி வெயில்ல மொட்டை மாடி நடுவுல வெச்சுடாதீங்க, இலை மஞ்சளாகிடும். மர நிழல்ல வளர்ந்த ஆளு அது. காலை வெயில் மட்டும் எட்டிப் பார்க்குற ஓரமா வைங்க. ஒரு மாசம் கழிச்சு லேசா இழுத்துப் பாருங்க. அசையலைன்னா வேர் பிடிச்சாச்சு!

பூ? ரெண்டு மூணு வருஷம் ஆகும். ஃபர்ஸ்ட் இயர்ல நட்டா ஃபைனல் இயர்ல எதிர்பார்க்கலாம். தொங்கிட்டிருந்த மொட்டு தலை நிமிர்ந்து, சாயங்காலம் உப்பிக்கிட்டு நின்னா, அன்னைக்கு ராத்திரிதான். ஹாஸ்டல்வாசிகளே, வீடியோ கால் போடச் சொல்லி அம்மாகிட்ட இப்பவே சொல்லி வைங்க. பார்க்க வர்றவங்க கண்டிப்பா இலை கேப்பாங்க. அம்புக்குறி போட்டுக் குடுக்கச் சொல்லுங்க.