கண்ணாடிக்குள் சிக்கிய பின்னணி: ஒளிபுகும் பொருட்களின் படங்களில் பின்னணியை மாற்றுவது எப்படி?

கொச்சி: மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் பழம்பொருள் கடைகளும் நறுமணத் தைலக் கடைகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அத்தகைய கடை ஒன்றில் ஒரு கண்ணாடிப் புட்டியைச் சிவப்புச் சுவரின் முன் வைத்துக் கைப்பேசியில் படமெடுத்து, பின்னணியை நீக்கும் செயலியிடம் கொடுத்தால் என்ன நேரும்? புட்டியைச் சுற்றியிருந்த சுவர் நொடியில் மறைந்துவிடும். புட்டியின் ஊடாகத் தெரிந்த சுவரோ பெரும்பாலும் அப்படியே எஞ்சியிருக்கும். அந்தப் படத்தை வெள்ளைப் பின்னணியில் காணும் வாடிக்கையாளர், அதைச் சிவப்பு நிறக் கண்ணாடி என்றே எண்ணுவார்.

இது அழகு சார்ந்த குறை மட்டும் அன்று. 2020 ஜூலையில் அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு (மின்னணு வணிகம்) விதிகளின்படி, இணையத்தில் விற்பவரின் விளம்பரம் பொருளின் உண்மையான தன்மையுடன் ஒத்திருக்க வேண்டும். விளம்பரத்தில் காட்டியதற்கு மாறாக அமைந்த பொருளைத் திரும்பப் பெற மறுக்கவும் கூடாது. மறுபுறம், அமேசான் போன்ற தளங்கள் முதன்மைப் படத்தின் பின்னணி தூய வெள்ளையாக இருக்க வேண்டும் என்கின்றன. ஆகவே கண்ணாடிப் பொருளை விற்பவர் பின்னணியை மாற்றியே ஆக வேண்டும். பொருளின் நிறமும் மாறிவிடக் கூடாது.

செயலி தவறும் இடம்

மரப்பெட்டியையோ பித்தளை விளக்கையோ வெட்டி எடுப்பது எளிது. விளிம்பைக் கண்டுபிடித்தால் வேலை முடிந்தது. கண்ணாடியில் விளிம்பைக் கண்டுபிடிப்பதால் பாதி வேலைகூட முடிவதில்லை. ஏனெனில் அதன் படத்திலுள்ள ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு ஒளிகள் கலந்துள்ளன: கண்ணாடி தானே தரும் ஒளி ஒன்று, அதைக் கடந்து வரும் பின்னணியின் ஒளி மற்றொன்று. இந்தப் புள்ளி பொருளுடையதா, பின்னணியுடையதா என்று கேட்பதைவிட, எத்தனை விழுக்காடு பொருளுடையது என்று கேட்பதே சரி.

அந்த விழுக்காட்டைப் படத்துடன் சேர்த்தே சேமிக்கும் முறைக்கு 'ஆல்பா சேனல்' என்று பெயர். 1970களின் இறுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் ஆல்வி ரே ஸ்மித், எட் கேட்முல் ஆகியோர் இதை உருவாக்கினர். இன்றைய செயலிகள் அனைத்தும் இந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன.

சிக்கல் கணக்கில் உள்ளது. ஒரு புள்ளியில் கேமரா தருவது சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் மட்டுமே. கண்டறிய வேண்டியவையோ பொருளின் மூன்று நிற எண்கள், பின்னணியின் மூன்று நிற எண்கள், ஆல்பா ஒன்று என ஏழு. மூன்றைக் கொண்டு ஏழைக் கண்டறிய இயலாது. செயலி ஊகிக்கத்தான் முடியும்.

இரண்டு படங்கள் போதும்

இதற்கான விடையை ஸ்மித்தும் ஜேம்ஸ் பிளின்னும் 1996இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் நிறுவினர். கேமராவையும் பொருளையும் அசைக்காமல், அறிந்த நிறமுடைய இரண்டு பின்னணிகளில் இரண்டு படங்கள் எடுத்தால் ஆறு எண்கள் கிடைக்கும். பின்னணி நிறம் முன்பே தெரியும் என்பதால், கண்டறிய வேண்டியவை நான்காகக் குறைந்துவிடும்.

எளிய எடுத்துக்காட்டு: கறுப்பு அட்டையின் முன் கண்ணாடியின் ஒரு புள்ளி 40 என்றும், வெள்ளை அட்டையின் முன் அதே புள்ளி 200 என்றும் பதிவானதாகக் கொள்வோம். கறுப்பின் மதிப்பு 0, வெள்ளையின் மதிப்பு 255. வேறுபாடான 160ஐ 255ஆல் வகுத்தால், பின்னணி ஒளியில் சுமார் 63 விழுக்காடு கண்ணாடியைக் கடந்து வருவது தெரியும். எஞ்சிய 37 விழுக்காடே அந்தப் புள்ளியின் ஆல்பா. மூன்று கால் தாங்கி ஒன்றும், இரண்டு அட்டைகளும் இருந்தால் சிறு கடையிலும் இதைச் செய்துவிடலாம்.

ஒரே படம்தான் உள்ளது என்றால், அது வெள்ளைப் பின்னணியில் எடுக்கப்பட்டதா, கறுப்பிலா என்பதைப் பொறுத்து வழி அமையும். வெள்ளையில் எடுத்த படத்தைப் புதிய பின்னணியின் மேல் அடுக்கி, அடுக்கின் கலவை முறையை 'மல்டிப்ளை' என மாற்றினால் வெள்ளை தானாக மறையும். கறுப்பில் எடுத்த படத்துக்கு 'ஸ்கிரீன்' முறை. எதையும் வெட்டத் தேவையில்லை. பளபளக்கும் ஒளிப்புள்ளிகள் மல்டிப்ளையில் மங்கிவிடுவதால், அவற்றை மட்டும் தனி அடுக்கில் ஸ்கிரீன் முறையில் சேர்ப்பது வழக்கம். தைலப் புட்டிகளுக்கு மல்டிப்ளையே ஏற்றது: தேன் நிறத் தைலம் சிவப்பொளியைக் கடக்கவிட்டு நீலத்தைத் தடுக்கும், இம்முறையில் ஒவ்வொரு நிறமும் தனித்தனியே கணக்கிடப்படுகிறது. ஃபோட்டோஷாப்பிலும் விலையின்றிக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளிலும் இவ்வசதி உண்டு. கிம்பில் உள்ள 'கலர் டு ஆல்பா' கருவி, குறிப்பிட்ட நிறத்தை மட்டும் விழுக்காட்டளவில் கழித்துத் தருகிறது.

நிறமற்ற புட்டியை வெள்ளை அட்டையின் முன் வைத்தால் விளிம்பே தெரியாமல் போகும். இதற்குப் புகைப்படக் கலைஞர்கள் புட்டியின் இருபுறமும், சட்டகத்துக்கு வெளியே, கறுப்பு அட்டைகளை நிறுத்துவர். விளிம்பில் அவற்றின் கருமை கோடாகப் படியும். கறுப்புப் பின்னணியில் பக்கவாட்டு ஒளி கொடுத்தால் விளிம்பு வெண்கோடாக மின்னும்.

வலையும் முக்காடும்

கலூர் போன்ற நகரப் பகுதிகளின் புகைப்பட நிலையங்களுக்கு இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. கிறிஸ்தவ மணமகளின் மெல்லிய முக்காடும், ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையின் சீன வலைகளும் கண்ணாடி அல்ல. இழைகள் ஒளியை மறைக்கின்றன, இடைவெளிகள் விடுகின்றன. ஆயினும் ஓர் இழை ஒரு புள்ளியின் அகலத்தைவிடச் சிறியதாக இருக்கும்போது, அங்கும் விழுக்காட்டுக் கணக்கே வருகிறது. வானத்தை மாற்றும் வசதி 2020 அக்டோபரில் ஃபோட்டோஷாப்பில் சேர்க்கப்பட்டது. அதைக் கொண்டு சீன வலையின் பின் அந்தி வானத்தை வைத்தால், வலைக் கண்களில் பழைய வானத்தின் வெளிர் திட்டுகள் எஞ்சக்கூடும். இங்கு நிற சேனல் கைகொடுக்கும். பகல் வானம் நீல சேனலில் மிகப் பிரகாசமாகவும் வலை கருமையாகவும் தெரியும். அந்தச் சேனலை நகலெடுத்து, வேறுபாட்டைக் கூட்டி, அதையே தேர்வாக ஏற்றினால் இழை இழையாக வலை பிரிந்து வரும்.

வளையும் ஒளி

இக்கணக்கு எட்டாத இடமும் மட்டாஞ்சேரியிலேயே உள்ளது. 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயத்தில் பெல்ஜியக் கண்ணாடிச் சரவிளக்குகள் தொங்குகின்றன; தரையில் 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள். பட்டை தீட்டிய கண்ணாடிக் குஞ்சம் தன் பின்னால் இருப்பதை மட்டும் காட்டுவதில்லை. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5 என்பதால், ஒளி வளைந்து, பக்கத்திலும் கீழேயும் உள்ளவை அதற்குள் தெரியும். நீர் நிறைந்த உருளைக் குவளையிலோ பின்னணி இடவலம் மாறித் தோன்றும். ஆல்பா சொல்வது 'எவ்வளவு ஒளி' என்பதை மட்டுமே. 'எங்கிருந்து வரும் ஒளி' என்பதை அது சொல்வதில்லை. அதையும் பதிவு செய்யும் முறையை 1999இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டனர். பொருளின் பின்னாலும் பக்கங்களிலும் பல கோட்டுருவங்களைத் திரையில் மாற்றி மாற்றிக் காட்டிப் படமெடுப்பது அம்முறை. கடைக்காரருக்கு அதைவிட எளிய வழி உண்டு: விரும்பும் பின்னணியைத் தொலைக்காட்சித் திரையில் காட்டி, அதன் முன் பொருளை வைத்துப் படமெடுப்பது. வளைவைக் கண்ணாடியே செய்துவிடும்.

முடிவில் செய்யப்படும் ஒரு தவறு இவ்வுழைப்பு முழுவதையும் வீணாக்குகிறது. ஜேபெக் கோப்பு ஆல்பாவைச் சேமிப்பதில்லை. பின்னணி நீக்கிய படத்தைப் பிஎன்ஜி அல்லது டிஃப் வடிவில் சேமிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'புகைப்படம்' என்று அனுப்பாமல் 'ஆவணம்' என்று தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும்.