பக்கவாதத்திற்குப் பின் மீண்டும் நடக்கலாம்

பக்கவாதத்தால் கால் தளர்ந்தவர் இனி நடக்கவே இயலாது என்று கிராமங்களில் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. இடையறாப் பயிற்சியால் மூளையின் பழுதுறாத பகுதிகள் நடையை மீண்டும் கற்கக் கூடும்.

பெருமருத்துவமனைகளில், உடலைக் கச்சையால் தாங்கி, டிரெட்மில் எனும் நடைப்பொறியில் நடக்கச் செய்வதுண்டு. ஆயினும், அமெரிக்காவில் 408 நோயாளரிடம் நடத்தப்பெற்று 2011இல் வெளியான ஆய்வில், இயன்முறை மருத்துவர் துணையுடன் வீட்டிலேயே வலிமைப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் செய்தோர், ஓராண்டு முடிவில் பொறியில் பயின்றோருக்கு நிகரான முன்னேற்றம் கண்டனர். எனவே, பொறி இல்லையே என்று தருமபுரி மாவட்டச் சிற்றூரார் சோர்வுற வேண்டுவதில்லை.

அண்டையிலுள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டு 5இல் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இப்பயிற்சியை இல்லத்திற்கே கொணர்ந்தது. ஊராட்சி உறுப்பினர்கள் இத்தகையோரைக் கண்டறிந்து ஆரம்ப சுகாதார நிலையத்திற்குத் தெரிவித்தல் வேண்டும். வீட்டார் சமதரையில் உறுதியான கைப்பிடி அமைத்து, தளர்ந்த பக்கத்தில் துணை நின்று, நாள்தோறும் நடக்கச் செய்வார்களாக.