எட்டாம் நம்பர் ஊசியும் பெரியம்மாவின் ஸ்வெட்டரும்

"ஏன் கண்ணு, இது எனக்கா, என் பேத்திக்கா?"

குன்னூரிலிருந்து வீடியோ காலில் பெரியம்மா கேட்டபோது, மூன்று மாதமாக நான் பின்னிய ஸ்வெட்டர் என் மடியில் கிடந்தது. பெரியம்மாவின் பேத்திக்கு வயது பத்து. கேள்வி நியாயமானதுதான்.

எங்கள் குடும்பத்தில் எல்லோரும் பெரியம்மாவின் கையால் பின்னிய ஒரு ஸ்வெட்டரையாவது போட்டு வளர்ந்தவர்கள். டிவி பார்த்துக்கொண்டே, ஊசியைப் பார்க்காமலேயே பின்னுவார். இரண்டு வருடங்களுக்கு முன்பு கட்டைவிரல் அடியில் ஆரம்பித்த வலி, தோசைக்கரண்டி பிடிக்கவே முடியாத அளவுக்குப் போனது. கைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். ஊசிகள், மிச்ச நூல் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் என்னிடம் வந்து சேர்ந்தன. 'எல்லாருக்கும் பின்னினவருக்கு ஒண்ணு நாம பின்னுவோமே' என்று தோன்றியது அப்போதுதான்.

கற்றுக்கொள்வது கஷ்டமில்லை. நிட், பர்ல் என்று இரண்டே அடிப்படைப் பின்னல்கள். ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையத்தையும் பெரியம்மா 'கண்ணி' என்பார். ஒரு கண்ணிக்குள் நூலை இழுத்தால் அடுத்த கண்ணி, அவ்வளவுதான். திருப்பூர் பனியனும் இதே கண்ணிகள்தான், அங்கே மெஷின் போடுகிறது. நாள் முழுக்க நோட்டிஃபிகேஷன்களோடு மல்லுக்கட்டும் வேலை என்னுடையது. இரவில் அரை மணி நேரம் ஊசியைப் பிடித்தால் போனைத் தொட முடியாது, இரண்டு கையும் பிஸி. முதல் மாதம் தூக்கம்கூட நன்றாக வந்தது.

பிறகுதான் சிக்கல். சென்னையில் மே மாதம், மடியில் கால் கிலோ கம்பளி நூல், விரலெல்லாம் வியர்வை. நூல் ஊசியில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். காட்டன் நூலுக்கு மாறிப் பார்த்தேன். சூடு இல்லை, ஆனால் காட்டன் கம்பளி மாதிரி இழுத்துக் கொடுக்காததால் ஒவ்வொரு கண்ணிக்கும் விரல்தான் வேலை செய்ய வேண்டும். மறுபடி கம்பளிக்கே வந்துவிட்டேன்.

சரி, ஸ்வெட்டர் ஏன் சின்னதானது? நான் பார்த்தது ஓர் அமெரிக்க வீடியோ. 'எட்டாம் நம்பர் ஊசி' என்றார்கள். டின்னிலும் 8 என்று போட்ட ஊசி இருந்தது, எடுத்துக்கொண்டேன். நம் ஊரில் நெடுங்காலமாக விற்பது பழைய பிரிட்டிஷ் கணக்கு நம்பர். அதில் 8 என்றால் 4 மி.மீ. கனம். அமெரிக்காவில் 8 என்றால் 5 மி.மீ. இன்னொரு கூத்து, பிரிட்டிஷ் கணக்கில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். அமெரிக்கக் கணக்கில் தடிக்கும்!

ஒரு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடும்? வீடியோ கணக்குப்படி 10 செ.மீ. அகலத்துக்கு 18 கண்ணிகள். என் ஊசியில் 22 கண்ணிகள் விழுந்தன. 90 கண்ணி போட்டால் 50 செ.மீ. வர வேண்டியது, 41 செ.மீ.யில் நின்றுவிட்டது. முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் சேர்த்தால் சுற்றளவில் 18 செ.மீ. காணோம்.

முதலில் சின்னச் சதுரம் ஒன்று பின்னி, ஸ்கேல் வைத்து அளந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். "மாதிரி பின்னினியா?" என்று பெரியம்மா ஆரம்பத்திலேயே கேட்டார். "பின்னிட்டேன்" என்று பொய் சொன்னேன். அரை மணி நேரச் சோம்பலுக்கு மூன்று மாதம் அபராதம்.

இதோடு முடியவில்லை. நடுவில் நூல் தீர்ந்து, அதே கம்பெனி, அதே நிறம் என்று பார்த்து வாங்கினேன். வெயிலில் வைத்துப் பார்த்தால் கைப்பகுதி மட்டும் வேறு நீலம். நூல் லேபிளில் சாய லாட் நம்பர் என்று ஒன்று இருக்கும், அது மாறினால் சாயலும் மாறும். மொத்த நூலையும் ஒரே லாட்டில் வாங்கிவிடுவதுதான் வழி. பெரியவர்கள் ஸ்வெட்டருக்கு அரை கிலோவுக்கு மேலேயே ஆகும்.

செலவைப் பற்றியும் பேசிவிடலாம். முழு ஸ்வெட்டர், கைகளை விட்டுவிட்டாலே, கிட்டத்தட்ட 25,000 கண்ணிகள். நிமிடத்துக்கு 20 போட்டாலும் 20 மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். பின்னி விற்கும் தோழி ஒருத்தி விலை சொன்னதும், "ஊட்டியில இதுல பாதி விலைக்குக் கிடைக்குமே" என்பார்களாம். கிடைக்கும்தான், மெஷின் ஸ்வெட்டர். அவள் இப்போது ஆர்டர் எடுப்பதில்லை. டெட்லைன் வந்ததும் பிடித்த விஷயம் இன்னோர் ஆபீஸ் ஆகிவிட்டதாம். 'திறமை இருக்கே, பிசினஸ் பண்ணலாமே' என்று கேட்பதை நாம் கொஞ்சம் நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

விற்காமல் பெரிதாகச் செய்து காட்டியவர்களும் நம் ஊரில் உண்டு. 'மதர் இந்தியா'ஸ் குரோஷே குயீன்ஸ்' குழு, 2016 ஜனவரியில் சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வையைச் சேர்த்துக் கின்னஸில் இடம்பிடித்தது. குரோஷாவுக்கு இரண்டு ஊசி இல்லை, கொக்கி வைத்த ஒற்றை ஊசிதான்.

என் கதைக்கு வருகிறேன். ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு குன்னூர் போனேன். பேத்திக்கே கொடுத்துவிடலாம் என்று பார்த்தால், "ஊதா கலர்தான் வேணும்" என்று சொல்லிவிட்டாள். பிரிப்பதென்று முடிவானது. நான் நூலை இழுக்க இழுக்க, கண்ணிகள் சரசரவென்று அவிழ்ந்தன. மூன்று மாத உழைப்பு ஒரு மாலையில் சுருள் சுருளாகத் தரையில். பெரியம்மா அதை நாற்காலி முதுகில் சுற்றிக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கிக் காயப்போட்டார். காய்ந்தபோது சுருக்கம் போயிருந்தது. இரண்டு நீலத்தையும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னினால் வித்தியாசம் கண்ணில் படாது என்று வழியும் சொன்னார்.

மறுநாள் 5 மி.மீ. ஊசி வாங்கி, இந்த முறை மாதிரிச் சதுரம் பின்னி அளந்து, 90 கண்ணி போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்த பெரியம்மா, "இங்க கொடு, ரெண்டு வரிசை" என்று கையை நீட்டினார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. சரியாக இரண்டே வரிசை. முடித்துவிட்டுக் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டார். என்னுடையதைவிட ஒரே சீராக இருந்தது.

இப்போது முதுகுப்பக்கம் 20 செ.மீ. வளர்ந்திருக்கிறது. வாரம் ஒருமுறை வீடியோ காலில் ஸ்கேல் வைத்துக் காட்டச் சொல்கிறார். "பின்னிட்டேன்" என்று சொன்னால் மட்டும் நம்புவதில்லை.