கோப்பு ஒன்று, மென்பொருள் பல



தோட்டத்து வீடுகளில் கணினி இல்லாவிட்டாலும் கைப்பேசி இருக்கிறது. மகள் வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக் கணினியில் வேர்டில் தொடங்குகிறாள். அண்ணனின் கைப்பேசியில் டபிள்யூபிஎஸ்ஸில் திருத்துகிறாள். பட்டணத்துக் கடையில் லிபர் ஆபீஸில் திறந்து அச்செடுக்கிறார்கள். இரண்டு பக்கமாக இருந்தது மூன்று பக்கமாகி நிற்கிறது. ஓரத்தில் வைத்த படம் கீழே இறங்கிவிடுகிறது. கடைக்காரர் கெடுத்துவிட்டார் என்று அவரோடு சண்டைக்குப் போகிறோம். பாவம், அவர் மேல் குற்றமில்லை.

கோப்பு என்பது அச்சான காகிதம் அன்று. அது ஒரு சமையல் குறிப்பு. 'ஒரு பிடி புளி' என்று குறிப்பில் எழுதியிருந்தால், பாட்டியின் பிடி வேறு, பேத்தியின் பிடி வேறு அல்லவா? 'இந்தப் பெயருடைய எழுத்துரு, இந்த அளவு, இவ்வளவு இடைவெளி' என்று கோப்பு சொல்கிறது. பக்கத்தைச் சமைப்பது திறக்கின்ற மென்பொருள். அந்த எழுத்துரு அங்கே இல்லாவிட்டால், கிடைத்த வேறொன்றைப் போட்டுவிடும். அது சற்று அகலமாக இருந்தால் போதும், வரி மடிந்து, பக்கம் கூடிவிடும்.

ஒரே மென்பொருளின் பதிப்புகளுக்குள்ளும் இந்தத் தகராறு உண்டு. 2003 வரை வந்த வேர்ட் பதிப்புகள் 'டாக்' என்ற வடிவில் சேமித்தன. 2007இல் 'டாக்ஸ்' வந்தது. இது உண்மையில் ஒரு பொட்டலம். எழுத்து ஒரு தாளிலும், படங்கள் தனி உறையிலுமாகக் கட்டி வைத்திருக்கும். புதிய பதிப்பில் எழுதியதைப் பழைய வடிவில் சேமிக்கலாம். ஆனால் பழையதற்குத் தெரியாத வசதிகள் உருமாறிவிடும். புதிய வேர்டில் எழுதிய கணிதச் சமன்பாடு, பழைய வடிவில் வெறும் படமாகிவிடும். பார்க்கலாம், திருத்த முடியாது. வினாத்தாள் தயாரிக்கிற ஆசிரியர்களுக்கு இது பெரிய தலைவலி!

ஆகவே திருத்துவதற்கு ஒரு கோப்பு, அனுப்புவதற்கு ஒரு கோப்பு என்று இரண்டாக வைத்துக்கொள்வதே நல்லது. திருத்தும் கோப்பை அது பிறந்த மென்பொருளிலேயே வைத்திருங்கள். அனுப்புவதற்கு 'பிடிஎஃப்' ஆக மாற்றுங்கள். அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்ட இந்த வடிவம் சமைத்து முடித்த உணவு. பெரும்பாலும் எழுத்துருவையும் உள்ளேயே கட்டிக்கொண்டு போகும். எந்தக் கடையில் திறந்தாலும் பக்கம் குலையாது. அண்ணனும் தங்கையும் ஒரே கோப்பைத் திருத்துவதானால், இன்று யார் கையில் இருக்கிறது என்பதை முதலில் பேசிக்கொள்ளுங்கள். பெயரோடு தேதியையும் சேர்த்துச் சேமியுங்கள். 'புதியது', 'மிகப் புதியது' என்று பெயர் வைத்தால், மறு வாரம் எது எதுவென்று வைத்தவருக்கே தெரியாது.

தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. யூனிகோட் பரவுவதற்கு முன் வந்த பல தமிழ் எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துக்கு உரிய எண்ணின் மேல் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைத்தார்கள். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் அழகான தமிழ்; இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள். எழுத்துருவுக்கு எழுத்துரு இந்த எண்கள் மாறின. நம் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் அந்தக் காலத்திலிருந்தே வளர்ந்து, பின்னர் யூனிகோட்டுக்கும் வந்தது. யூனிகோட்டில் 'அ'வின் எண் 2949, 'க'வின் எண் 2965. எந்த நாட்டுக் கணினியானாலும் அதே எண்தான். எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாது.

கோவில் கமிட்டியிலும் பள்ளி அலமாரியிலும் பழைய எழுத்துருவில் தட்டிய கணக்குகளும் மலர்களும் இன்னும் கிடக்கலாம். அவற்றை யூனிகோட்டுக்கு மாற்றித் தரும் மாற்றிகள் இருக்கின்றன. ஆனால் எந்த எழுத்துருவில் தட்டியது என்று தெரிந்தால்தான் மாற்றி சரியாக வேலை செய்யும். அதைத் தட்டியவர் இன்னும் தோட்டத்தில் இருக்கும்போதே கேட்டு, எழுத்துருவின் பெயரைக் கோப்பின் பெயரோடு சேர்த்து எழுதி வையுங்கள்.