வெடிக்காத வீக்கமும் வைத்தியர் கேட்கும் கையெழுத்தும்

விருத்தாசலத்துப் பீங்கான் சூளை ஒன்றில் வேலை செய்யும் கம்மாபுரத்து மனிதர் ஒருவர், தலைவலிக்காக ஸ்கான் எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைவலியின் காரணம் வேறாக இருக்கிறது. ஆனால் மூளையின் இரத்தக் குழாயில் சிறு வீக்கம் ஒன்று இருப்பதாகப் படம் சொல்லுகிறது. நேற்று வரை சுகமாயிருந்தவர் இன்று நோயாளியாகிவிட்டார். பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். அந்தக் கையெழுத்தைப் பற்றியே இன்று எழுதப் புகுந்தோம்.

'அனூரிஸம்' என்று வைத்தியர்கள் வழங்கும் இவ்வீக்கம், பழைய சைக்கிள் டியூப் ஒரு பக்கம் புடைத்துக்கொள்வதைப் போன்றது. வயது வந்தோரில் 100க்கு ஏறக்குறைய 3 பேருக்கு இது உண்டு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் இதை அறியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். வெடித்துவிட்டாலோ, மூன்றில் ஒருவரேனும் மடிகிறார்; பிழைத்தவரிலும் பலர் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆகவே வெடிக்குமுன் அடைத்துவிடலாம் என்று நிபுணர்கள் எண்ணியது இயல்பே.

1937ல் அமெரிக்காவில் வால்ட்டர் டாண்டி என்பார் மண்டையைத் திறந்து, வீக்கத்தின் கழுத்தில் வெள்ளிக் கவ்வியை இட்டார். 1990ல் குக்லியெல்மி என்னும் இத்தாலிய வைத்தியர், தொடையிலுள்ள நாடி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, வீக்கத்துக்குள் பிளாட்டினக் கம்பிச் சுருளை நிரப்பும் முறையைக் கையாண்டார். நம் நாட்டில் 1949ல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950ல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் மூளைச் சத்திர சிகிச்சைப் பிரிவுகளைத் தொடங்கினார்கள். இன்று இவ்விரு முறைகளும் நம் மாகாணத்திலேயே கிடைக்கின்றன. அதில் நமக்குப் பெருமையே.

ஆனால் சிகிச்சையே பக்ஷவாதத்தைக் கொண்டுவரக்கூடும் என்பதை ஜனங்கள் அறிவது அவசியம். அது எப்படி நேருகிறது? வீக்கத்தை ஒட்டியே மயிரிழை போன்ற நுண்குழாய்கள் கிளைத்து, மூளையின் ஆழத்துக்கு இரத்தம் கொண்டு செல்லுகின்றன. கவ்வியின் வாயில் அவற்றில் ஒன்று அகப்பட்டுக்கொண்டால், அது ஊட்டிவந்த பாகம் செத்துப்போகிறது. கவ்வி சற்றே தவறி அமைந்தாலும் தாய்க்குழாய் நெருங்கிப் போகும். வேலை நடக்கும்போது இரத்த ஓட்டத்தைச் சில நிமிஷங்கள் நிறுத்திவைப்பதும் உண்டு. அந்நிமிஷங்கள் நீண்டால் ஆபத்து. கம்பிச் சுருள் முறையிலோ, சுருளின்மேல் இரத்தம் உறைந்து, அவ்வுறைவு பெயர்ந்து அப்பாலுள்ள குழாயை அடைத்துவிடலாம். இதைத் தடுக்கவே ஹெப்பாரின் முதலிய மருந்துகளைக் கொடுக்கிறார்கள். கை விளங்காமலோ, நாக்குக் குழறியோ ஒருவர் சிகிச்சையிலிருந்து எழுந்தால், காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகவே இருக்கும். களிமண்ணை வார்த்துப் பிழைப்பவனுக்குக் கை போனால் என்ன மிச்சம்?

2019ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, உலகெங்கும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தது. கம்பிச் சுருள் முதலிய குழாய் வழிச் சிகிச்சையில் 100க்கு சுமார் 5 பேருக்கும், மண்டை திறந்த சிகிச்சையில் 100க்கு சுமார் 8 பேருக்கும் கேடுகள் நேர்ந்தன. மரணம் இரண்டிலும் மிகவும் குறைவு. மறுதட்டில் வைக்க வேண்டிய கணக்கையும் கேளுங்கள். 2003ல் வெளியான சர்வதேச ஆராய்ச்சியில், முன்பு இரத்தக் கசிவு நேராதவர்களுக்கு மூளையின் முன்பக்கக் குழாய்களில் இருந்த 7 மில்லிமீட்டருக்குக் குறைந்த வீக்கங்கள் 5 ஆண்டுகளில் ஒன்றேனும் வெடிக்கவில்லை. 7 முதல் 12 மில்லிமீட்டர் வரை 100க்கு 2.6, 25 மில்லிமீட்டருக்கு மேல் 40! பின்பக்கக் குழாய்களில் சிறியவையும் வெடித்தன. இந்த எண்களோடு முழுதும் இசையாத நிபுணர்களும் இருக்கிறார்கள். சிறு வீக்கம் வெடித்து வருவோரை அவர்கள் ஆஸ்பத்திரியில் கண்கூடாகக் காண்கிறார்கள். ஆயினும் அளவு, இடம், வயது, இரத்த அழுத்தம், புகைப் பழக்கம், குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இருந்ததா என்பவற்றை நிறுத்துப் பாராமல் கத்தியை எடுப்பதும் தவறு, அஞ்சி ஓடுவதும் தவறு என்பதில் அபிப்பிராய பேதமில்லை.

இங்கேதான் சட்டம் வருகிறது. சமீரா கோலி வழக்கில் 2008 ஜனவரி 16ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் அளித்த தீர்ப்பின்படி, சிகிச்சையின் தன்மை, பலன், வேறு வழிகள், கணிசமான அபாயங்கள், மறுத்தால் வரக்கூடிய விளைவு ஆகியவற்றை நோயாளிக்குச் சொல்லிய பின்னரே சம்மதம் பெறவேண்டும். வெகு தூரத்து அபாயங்களைச் சொல்ல வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்புக் கூறுகிறது. 100க்கு 5, 8 என்பது வெகு தூரத்து அபாயமா? அல்லவென்பதே நமது கட்சி. அந்த எண்ணை, அதுவும் அந்த ஆஸ்பத்திரியின் சொந்த எண்ணை, நோயாளிக்குப் புரியும் தமிழில் வாய்விட்டுச் சொல்லக் கடமைப்பட்டவர் வைத்தியர். சிகிச்சைக்கு முந்தின இரவு இங்கிலீஷ் அச்சுக் காகிதத்தில் பெற்ற கைநாட்டைச் சம்மதம் என்று அழைக்க நம்மால் இயலவில்லை.

வெடிக்காத சிறு வீக்கத்துக்குப் பெரும்பாலும் அவசரமில்லை. 2002ம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் வைத்தியக் குறிப்புகளைக் கொடுத்தாக வேண்டும். கம்மாபுரத்து மனிதர் அவற்றையும் படத்தையும் எடுத்துக்கொண்டு புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னைக்கோ சென்று, இரண்டாவது நிபுணர் ஒருவரின் அபிப்பிராயத்தைக் கேட்டு வரலாம். அதுவரையில் பீடியை விட்டுவிட்டு, இரத்த அழுத்த மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு வரட்டும்.